கூஜாவுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்களுக்குள் பேனா நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், துபாய் என்று போய்வந்தவர்கள் பயணம் எழுதுவார்கள். நான் போனது வண்டலூர், திருநீர்மலை, குரோம்பேட்டை. பனையூர் தாண்டி உள்ள எங்கள் குப்பத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், நெரிசல் இருந்தால் இரண்டு. ஆனாலும் எனக்கு அது வெளிநாடுதான். பிறந்ததும் பிழைப்பதும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே. தாம்பரம் பக்கம் அதற்கு முன் மூன்று தடவை போயிருக்கிறேன், மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கண்ணில் ஊர் படுவதில்லை.

ஆனால் கடலில் இருந்து அந்த ஊர்களை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடிந்த நேரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே நின்று மேற்கே திரும்பினால் முதலில் தென்னை தெரியும், அதற்கு மேல் அடுக்குமாடிகள், அதற்கும் மேலே நீலமாக மலைகள். அவற்றின் ஊர் பேர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பின்பக்கம் ஒரு மேடு, தலைப்பக்கம் ஒரு மேடு என்று படுத்திருப்பது எருமை மலை. எங்கள் கரையில், கழுத்து ஒடுங்கி வாய் அகன்று நிற்கும் தண்ணீர்த் தொட்டி கூஜா.

கடலில் ஒரு இடத்தை ஞாபகம் வைப்பது இப்படித்தான். கரையில் கிட்டே ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒன்று, இரண்டும் நேராக வரும்படி நின்றால் அது ஒரு கோடு. வேறு பக்கம் திரும்பி அதே போல இன்னொரு கோடு பிடிக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம் நம் இடம். பத்து வருடம் கழித்துப் போனாலும் படகு அங்கேயே வந்து நிற்கும்.

எனக்கு அப்படி ஓர் இடம் உண்டு. பதினெட்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதத்தில், என் அண்ணன் தேசப்பனும் நானும் போன படகு காற்று மாறிக் கவிழ்ந்தது. நான் கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மேலே வரவில்லை. வேறு படகு வந்து என்னை எடுக்கும் வரை ஒரு மணி நேரம் கரையைப் பார்த்தபடியே தொங்கிக்கொண்டிருந்தேன். கூஜாவுக்கு நேர் மேலே, எருமை மலையின் வயிற்றில், ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மாட்டின் மேல் கொக்கு உட்கார்ந்த மாதிரி. வலது பக்கம் ஒரு செல்போன் டவருக்குப் பின்னால் பரங்கிமலை. அலை தூக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் பார்த்தேன். உடல் கிடைக்கவில்லை. இடம் மட்டும் கிடைத்தது.

வருடா வருடம் அந்த நாளில் அண்ணி கஸ்தூரி பூவும் வெற்றிலையும் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலையும் கொடுத்தனுப்புவார். எங்களில் பெண்கள் படகு ஏறுவதில்லை. அவர் கரையில் நிற்பார், நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார். "எடத்துலதானே போட்ட?" நான் ஆமாம் என்பேன். அதற்குப் பிறகுதான் அன்றைக்கு அவர் சாப்பிடுவார்.

போன வருடம் அந்த நாளில் மலையில் அந்த வெள்ளைக் கொக்கு இல்லை. பனி மூட்டம் என்று நினைத்தேன். சுற்றிச் சுற்றி வந்து, தோராயமாக ஒரு இடத்தில் போட்டேன். கரைக்கு வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக எத்தனையோ காலைகள் வந்தன. எருமை இருந்தது, கொக்கு இல்லை. போனிலேயே இடத்தைக் குறித்து வைக்கலாமாம், என் மச்சான் பாலு சொல்வான். மலையில் இருக்கிற ஒன்று காணாமல் போகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லையே. இந்த வருடமும் மாசி பிறந்துவிட்டது. இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் கொக்கைத் தேடிக் கிளம்பினேன்.

முதல் நாள் மேடவாக்கம் வரை அண்ணி இருந்த அதே ஷேர் ஆட்டோவில் போகும்படி ஆகிவிட்டது. அவர் அங்கேதான் அடுக்குமாடிகளின் வாசலில் மீன் விற்கிறார். கூடையை என் காலுக்கும் அவர் காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தம்பி, சட்டைக்கு இஸ்திரி போட்டுகினு கெளம்பிட்ட? இந்த வயசுல பொண்ணு பாக்கப் போறியா?"

"சும்மா, தாம்பரம் வரைக்கும்."

"ஒடம்புக்கு எதுனா பண்ணுதா?"

"இல்ல அண்ணி."

"அப்போ வூட்ல சண்ட."

ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே பார்த்தேன். முன்னால் நான்கு தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன. நான்கிலும் பின்பக்கம் குழாய் ஒழுகி, சாலையில் நான்கு சின்ன ஓடைகள். நடந்து போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீரை லாரியில் கொண்டு வருகிறார்களே என்று நினைத்தேன். பிறகு என் வீட்டிலும் அதே லாரித் தண்ணீர்தான் என்பது ஞாபகம் வந்தது.

அண்ணி இறங்கிக்கொண்ட பிறகு பஸ் மாறினேன். கண்டக்டரிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று நிறுத்தம் யோசித்தேன். அந்த மலைக்கு ஊரில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கடைசியில், "எருமை மாதிரி ஒரு மலை இருக்குதே, அதுக்கு எங்க எறங்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"எருமையா?" என்றார் கண்டக்டர். "எருமை பாக்க இன்னாத்துக்குண்ணா மலை? வண்டலூர் ஜூவுக்குப் போ. காட்டெருமையே கீது. பக்கத்துலயே மலையும் கீது. ரெண்டையும் பாத்துட்டு வா."

அது நான் கேட்டது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டார். வண்டலூரில் இறங்கினேன். எல்லோரும் நுழைவுச் சீட்டு வாங்கினார்கள், நானும் வாங்கினேன்.

உள்ளே நல்ல நிழல். பள்ளிப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாகப் போனார்கள். வெள்ளைப் புலி தண்ணீருக்குள் கழுத்து வரை உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தது. கரையில் நின்ற நூறு பேர் அதற்காகவே மெதுவாகப் பேசினார்கள். காட்டெருமையையும் பார்த்தேன், அது என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குரங்கு ஒன்று தூரத்திலிருந்து என் கை வாய்க்குப் போவதையும் வருவதையும் கணக்குப் பார்த்தது.

சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் மரங்களுக்கு மேலே மலை. உற்றுப் பார்த்தேன். மலைக்கு உருவமே இல்லை. எருமையும் இல்லை, யானையும் இல்லை. பாறை, புதர், ஒரு ஆட்டுத் தடம். கடலிலிருந்து பார்க்க அத்தனை நீலமாக இருப்பது கிட்டே வந்தால் செம்மண்ணாகவும் முள்ளாகவும் கலைந்துவிடுகிறது. கனவில் கண்ட ஆளைக் கடைத்தெருவில் பார்த்தது போல இருந்தது. வெள்ளையாக எதுவும் அங்கே இல்லை. இது எருமை மலையே இல்லை, தெற்கே தனியாக நிற்கும் வேறு மலை என்பது மாலையில் பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. ஒரு நாள் போயிற்று.

இரண்டு நாள் கடலுக்குப் போய்விட்டு மறுபடி கிளம்பினேன். இந்தத் தடவை கடலிலிருந்தே நன்றாகக் கணக்குப் பண்ணிக்கொண்டேன். எருமையின் பின்பக்க மேட்டின் உச்சியில் ஒரு சின்ன முள் போல ஏதோ நிற்கிறது. கோயிலாக இருக்க வேண்டும். தாம்பரத்தில் ஒரு பழக்கடைக்காரர், "மலை மேல கோயிலா? பெருமாள் கோயில்னா திருநீர்மலை," என்றார்.

திருநீர்மலையில் குளம் பச்சையாக அசையாமல் கிடந்தது. கடலோடு பழகினவனுக்கு அசையாத தண்ணீரைப் பார்த்தால் கொஞ்சம் பயம். அடிவாரத்தில் பூ விற்ற அக்கா ஒருவர், நான் செருப்பை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து, "இங்க விடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. அவ்ளோ புதுசும் இல்ல," என்றார். துளசி வாங்கிக்கொண்டு படி ஏறினேன். படி எண்ணவில்லை. மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் உட்கார்ந்தேன். காற்று வந்தது, அதில் உப்பு இல்லை.

உச்சியில் பெருமாளைப் பார்த்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெளியே வந்து மதில் ஓரமாக நின்றேன். வடக்கே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடலில் இருக்கும்போது எங்கள் தலைக்கு மேலே விளக்கோடு போகிறவை இவைதான். அவை எங்கே போய் உட்காருகின்றன என்று சின்ன வயதில் அண்ணனைக் கேட்டிருக்கிறேன். "மலைக்குப் பின்னால பெரிய மரம் இருக்குது, அதுல," என்பார். அந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தேன். நிஜமாகவே இன்னொரு மலைக்குப் பக்கத்தில் போய்த் தாழ்ந்து காணாமல் போயின. மரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கிழக்கே திரும்பினேன். கடலைக் காணோம். நடுவில் ஒரு மலை மறைத்தது. வீடுகள் ஏறிய சரிவும், பச்சைப் புதரும், மேலே ஒரு கோயிலுமாக, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே தனியாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மெல்ல மெல்ல விளங்கியது. எருமை ஒரு மலை இல்லை. நான் நிற்கிற மலை அதன் பின்பக்கம். எதிரே தெரிவது தலையும் வயிறும். நடுவில் ஒரு நெடுஞ்சாலை, ரயில் பாதை, பத்தாயிரம் வீடுகள். கடலிலிருந்து பார்க்கிற நாங்கள் இரண்டையும் ஒட்டி ஒரு மாடாக்கிவிட்டோம். நாற்பது வருடமாக எங்கள் குப்பத்தில் ஒருவருக்கும் இது தெரியாது.

பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "அது என்ன மலை சார்?" என்று கேட்டேன்.

"பச்சமலை. ஏன்?"

"ஒண்ணும் இல்ல. முதுகைப் பாக்கறேன். மொகத்தைத்தான் பாத்திருக்கேன்."

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாளே போனேன். தாம்பரத்தில் ரயில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மலையைப் பார்த்தே நடந்தேன். கிழக்குச் சரிவுக்குப் போக வேண்டும், அதுதான் கடலைப் பார்க்கிற பக்கம். தெருக்கள் ஏறின, திரும்பின, சில இடங்களில் படிக்கட்டாகிவிட்டன. வழியில் ஒரு டீக்கடை. இரண்டு வடநாட்டு இளைஞர்கள் சிமெண்ட் ஒட்டிய கால்களோடு உட்கார்ந்து இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சொல்றாங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு டீ மாஸ்டர், "அவங்க ஊர்ல கடலே கெடையாதாம். ஞாயித்துக்கெழம கடல் பாக்க எந்த பஸ்னு கேக்கறாங்க. எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, பஸ் நம்பரை மாஸ்டர் காதில் மட்டும் சொன்னேன். அவர் அதை உரக்கச் சொல்ல, அந்த இரண்டு பேரும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் கடலைத் தேடுகிறார்கள், நான் மலையைத் தேடுகிறேன்.

கொக்கை அன்று பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தேன்.

சரிவில் உயரமான இடத்தில் மூன்று மாடி வீடு. அதன் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளை. அந்தச் சுவருக்கு இருபது அடி முன்னால் புதிதாக ஐந்து மாடியில் ஒரு அடுக்குமாடி எழுந்து, சுவரை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நான் நின்றேன். சந்தில் வெயிலே இல்லை. சுவரைக் கையால் தொட்டேன். சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு மணி நேரம் தண்ணீரில் தொங்கியபோது, கண் இமைத்தால் போய்விடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தது இந்தச் சுவரைத்தான். உள்ளே இந்நேரம் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேலே மாடிப்படியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாருங்க அது? அரை மணி நேரமா செவுத்தையே தடவிக்கிட்டு நிக்கிறீங்க?"

ஓடிவிடலாம் என்று முதலில் தோன்றியது. தெரு முனை வரை நடந்தும் விட்டேன். அங்கே நின்று யோசித்தேன். இந்த வருடமும் அண்ணி கேட்பார். திரும்பி வந்தேன். அதற்குள் அந்தப் பெண்மணியின் கணவரும் வாசலுக்கு வந்திருந்தார். தாடி நரைத்த பாய், கையில் அளவு டேப். பெயர் இஸ்மாயில் என்று பிறகு தெரிந்தது, குரோம்பேட்டையில் கண்ணாடிக் கடை. அவர் மனைவி மெஹர்.

"பெயிண்ட் காண்ட்ராக்டா?" என்றார் பாய். "வேணாங்க. அந்தச் செவுத்துக்கு நாங்களே சுண்ணாம்பு அடிச்சுக்குவோம்."

"இல்ல பாய். நான் மீன்..."

"மீனும் வாங்கியாச்சு," என்றார் மெஹர் அக்கா.

வாசலில் நின்ற அவர்களுடைய வேனின் பின் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. அதில் விரலால் வரைந்தேன். கீழே அலை, அலையில் ஒரு படகு. அதற்கு மேலே கூஜா. கூஜாவுக்கு மேலே மலை. மலையில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையும் அவர்கள் வீட்டையும் மாறி மாறிக் காட்டினேன். பிறகு சொல்ல வந்துவிட்டது. அண்ணனைச் சொன்னேன், அண்ணியைச் சொன்னேன், போன வருடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அது பொய் என்று நான் முதன்முதலில் ஒப்புக்கொண்டது முன்பின் தெரியாத இரண்டு பேரிடம்.

பாய் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "எத்தன வருசம்னீங்க?"

"பதினெட்டு."

"வீடு கட்டின வருசம்," என்றார் மனைவியிடம். "மொதல் வெள்ளை அடிச்ச புதுசு. காலை வெயில் நேரா எறங்குது, உள்ள சூடு ஏறக்கூடாதுன்னு அடிச்சோம்."

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு சோறு சாப்பிடாமல் விடவில்லை. கத்தரிக்காய், தால்ச்சா, நெய்ச்சோறு. நான் கடலுக்குப் போகிறவன் என்பதால் அவர்கள் வாங்கியிருந்த மீனைத் தட்டில் வைக்கக் கூச்சப்பட்டு, "இது மார்க்கெட் மீனு, ஐஸ்ல வச்சது," என்று சொல்லிக்கொண்டே வைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் முன்னால் அந்த ஐந்து மாடி நின்றது. ஆனால் வடகிழக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டி மேடை மேல் ஏறினால், அதன் தோளுக்கு மேலே வெளி தெரிந்தது. வீடுகள், ஏரி ஒன்று, மேடவாக்கத்து அடுக்குமாடிகள், பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்கள். அதற்கெல்லாம் அப்பால், வானத்தின் அடியில் ஒரு கோடு, கொஞ்சம் கருத்து.

"அது கடலா?" என்றார் அக்கா. "நாங்க பொகைன்னு நெனச்சோம். இத்தன வருசமா துணி காயப்போடறேன் இங்க."

நான் அந்தக் கோட்டில் என் இடத்தைத் தேடினேன். கடலிலிருந்து பார்த்தால் கரையில் எத்தனை அடையாளம்! இங்கிருந்து பார்த்தால் கடலில் ஒன்றுமே இல்லை. நேராக ஒரு கோடு, அவ்வளவுதான். அண்ணன் அதில் எங்கேயோ இருக்கிறார். அண்ணி இத்தனை வருடமாகக் கரையில் நின்று பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கூஜா எங்கே இருக்கும் என்று கணக்குப் பண்ணி, இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தைக் கையால் காட்டினேன். "அங்கதான் பாய்."

"இந்த மேடையில வெள்ளைத் துணி கட்டினா தெரியுமா?"

"தெரியாது பாய். ரொம்பத் தூரம்."

பாய் தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "நாங்க வேன்ல கண்ணாடி ஏத்தினா சாக்கு போத்திதான் கொண்டு போவோம். ஏன் தெரியுமா? ஒரு தடவ பல்லாவரம் பாலத்துல போத்தாம போயிட்டேன். வெயில் பட்டு, எதிர்ல எங்கியோ வந்தவன் கண்ணு கூசி வண்டியோட சாஞ்சுட்டான். நல்லவேள, அடி இல்ல. அவ்ளோ தூரம் போகும் அந்த வெளிச்சம். காலையில சூரியன் கடல் பக்கந்தானே இருக்கும்? பீரோ கண்ணாடி ஒண்ணு கொண்டாந்து இங்க நிறுத்தினா?"

நான் அவரையே பார்த்தேன். வீட்டுக்கு வந்த ஆளை இரண்டு மணி நேரம் முன்பு பெயிண்ட் காண்ட்ராக்ட் கேட்டு வந்தவனாக நினைத்த மனிதர்.

அன்று மாலை அண்ணி வீட்டுக்குப் போனேன். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

"போன வருசம் நான் எடத்துல போடல அண்ணி. எடம் தெரியல. பொய் சொன்னேன்."

கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதையே பார்த்தார்.

"அப்போ அது எங்க போச்சு? கடலை, பூவெல்லாம்?"

"பக்கத்துலதான் அண்ணி. அலை கொண்டுபோயி சேத்திருக்கும்."

"அலைக்கு இன்னா, அட்ரஸ் தெரியுமா?"

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, "ஒரு வருசம் பட்டினி போட்டுட்ட அவர," என்றார். பிறகு, "இப்ப இன்னா பண்ணப் போற?" என்றார்.

சுவரைச் சொன்னேன், பாயைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. எருமை இரண்டு மலை என்றதும் மட்டும் லேசாகச் சிரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "நானும் வரேன்," என்றார்.

"படகுக்கு எப்படி அண்ணி..."

"படகுக்கு யாருடா வரேன்னா? மலைக்கு. அந்தக் கண்ணாடிய நான் புடிக்கிறேன்."

அந்த நாள் வந்தது. விடிவதற்கு முன்பே அண்ணி ஒரு பையில் பெரிய வஞ்சிரத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாய் சோழிங்கநல்லூர் வரை வேனைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டார். நானும் மச்சான் பாலுவும் கடலுக்குப் போனோம். மச்சானுக்கு நம்பிக்கை இல்லை. "கண்ணாடி காட்டி மலை கண்ணடிக்குமாம், இவரு பாப்பாராம்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். செல்போன் டவருக்குப் பின்னால் பரங்கிமலையைப் பிடித்தேன். அந்தக் கோட்டிலேயே மெதுவாகத் தெற்கே வந்தோம். முதுகுக்குப் பின்னால் சூரியன் தண்ணீரை விட்டு மேலே வந்தது. எதிரே அடுக்குமாடிகள் சிவந்தன, பிறகு மஞ்சளாயின. எருமை நீலமாகப் படுத்திருந்தது.

போன் அடித்தது. மெஹர் அக்கா.

"நிறுத்தியாச்சுண்ணா. உங்க அண்ணிதான் சாய்க்கிறாங்க. நாங்க ரெண்டு பேரும் அடியில புடிச்சிருக்கோம். தெரியுதா?"

"இல்ல."

"மெதுவா ஆட்டுறாங்க. இப்ப?"

"இல்லக்கா."

அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது. "எந்தச் சந்துனு சரியாக் கேளு. பில்டிங்குங்களுக்கு நடுவுல மூணு சந்து கீது." நான் சொன்னேன். காத்திருந்தேன். படகின் விளிம்பில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டி மலை கரைந்து கரைந்து வந்தது, துடைத்துக்கொண்டேன்.

எருமையின் வயிற்றில் ஒரு பொறி தெறித்தது. உடனே போய்விட்டது. மறுபடி வந்தது. அணைந்து, வந்து, நின்றது. வெள்ளை இல்லை, அதைவிட அதிகம். அதை நேராகப் பார்க்க முடியவில்லை. மச்சான் வாயைத் திறந்தபடி எழுந்து நின்றுவிட்டான்.

"தெரியுதுக்கா," என்றேன். "அசையாம வச்சுக்கச் சொல்லுங்க."

கூஜா வெளிச்சத்துக்கு இடது பக்கம் நின்றது. மச்சான் இஞ்சினை ஆளின் நடைபோல மெல்ல விட்டான். படகு நகர நகரக் கூஜா நகர்ந்தது. வெளிச்சத்துக்கு நேர் கீழே வந்ததும் கையைத் தூக்கினேன். இஞ்சின் நின்றது. பூவைப் போட்டேன், வெற்றிலையைப் போட்டேன். இந்தத் தடவை இரண்டு பொட்டலம் கடலை இருந்தது. இரண்டையும் பிரித்துப் போட்டேன். மச்சான் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டான்.

"ஆச்சுக்கா," என்றேன் போனில். "போதும், கீழ வைக்கச் சொல்லுங்க. கை வலிக்கும்."

பிறகு அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொன்னேண்ணா. வைக்க மாட்டேங்கறாங்க," என்றார்.

போனை மடியில் வைத்துக்கொண்டேன். மலையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. சில நேரம் லேசாக நடுங்கியது, அவர் கையை மாற்றிப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பதினெட்டு வருடமாகக் கரையில் நின்றவர் இப்போது அண்ணன் மேல் நேராக வெயிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சான் இஞ்சினைத் தொடவில்லை. பூ படகைச் சுற்றியே மிதந்தது.

எங்கள் குப்பத்துப் படகு ஒன்று வலை ஏற்றிக்கொண்டு கடந்து போனது. அதிலிருந்தவன் மேற்கே பார்த்துவிட்டு இஞ்சினைக் குறைத்தான்.

"இன்னாண்ணா அது, மலைல பளபளன்னு மின்னுது?" என்று கத்தினான்.

நான் கடலில் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எழுந்து நின்று கத்தினேன்.

"எங்க அண்ணி!"

ஆனி மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மழையானதால் படகு போகவில்லை, எழுதி முடித்தேன்.